சிலுவை கீறிய மூடி

டிசம்பர் 3, செவ்வாய்

டாக்டரம்மா, நீங்கள் சொன்னபடி இன்றிலிருந்து நோட்டு போட்டாகிவிட்டது. காலையில் கேப்பைக்கூழ் ஒரு சொம்பு. மதியம் அளவாகச் சோறு, முருங்கைக்கீரை. சாயங்காலம் சீனி போடாத காப்பி. மாத்திரை இரண்டு வேளையும் போட்டேன். பாதத்தில் மதமதப்பு அப்படியே இருக்கிறது. விரல் நுனியிலும் கொஞ்சம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெயர் இன்னாசி, வயது எழுபத்தெட்டு. எழுதுகிறவள் என் தங்கை மகள் ரோணிக்கம். அடுத்த வீடு. பால்வாடி டீச்சர். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் ஆஸ்பத்திரியில் சிரிப்பார்கள் என்று அவளே சீராக்கிக்கொள்கிறாள்.

"மாமா, உடம்பப் பத்தி மட்டும் சொல்லுங்க. டாக்டரு கதையா கேட்டாக?" என்கிறாள்.

உடம்பு மட்டும் தனியாகவா இருக்கிறது? அறுபது வருஷம் சிறுமலையில் கடுக்காயும் நெல்லியும் பொறுக்கிய உடம்பு. எழுத்து இல்லாதவனுக்கு நினைப்புதான் நோட்டு. எந்த வருஷம் எந்த மரத்தடியில் எத்தனை படி பொறுக்கினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

கண் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். பக்கத்து அறையில் சுவரில் மூன்று கால் வைத்த குறியைக் காட்டி, கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற சாணார்பட்டிக்காரர் ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னார். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். என் முறை வந்தபோது ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்ணுக்குக் குறை இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

கூழ். மதியம் சுண்டைக்காய்க் குழம்பு. மாத்திரை போட்டேன்.

ரோணிக்கம் ஒரு சாக்கு ஆரஞ்சோடு வந்து நின்றாள். மலைமேல் மழையில் உதிர்ந்தது, தோலில் கரும்புள்ளி விழுந்து சந்தைக்குப் போகாதது. இந்தக் கிறிஸ்துமஸ்ஸுக்குக் குடிலில் பிளாஸ்டிக் தோரணம் வேண்டாம் என்று சாமியார் பூசையில் சொல்லிவிட்டாராம். பழத்தை வில்லை வில்லையாக அறுத்துக் காயவைத்து மாலை கோக்கலாம் என்று அவள் போனில் பார்த்திருக்கிறாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எப்புடி இருக்கு மாமா?"

"நல்லாத்தான் இருக்கு."

"தலைகீழாப் புடிச்சிருக்கேன். அது கூடத் தெரியலையா?"

"மாலைக்கு ஏது தாயி தலையும் காலும்?" என்றேன். சிரித்துவிட்டாள்.

காயவைக்கிற வேலை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பழத்தைக் குறுக்கே அறுக்க வேண்டும், நெடுக்கே அறுத்தால் சுளை உதிரும். சுண்டுவிரல் நகத்தின் பாதி கனம். அதற்கு மெலிந்தால் கருகும், தடித்தால் பூஞ்சை பிடிக்கும். விதையைத் தள்ளிவிட்டுப் பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்து மூங்கில் தட்டியில் பரப்பினேன். அறுக்கும்போது இரண்டு இடத்தில் விரலில் பட்டது. சிறு கீறல்தான். கத்தி புதுசு.

திருப்பூரிலிருந்து மகன் பெஞ்சமின் போன் செய்தான். "கண்ணு கிண்ணு மங்குச்சுன்னா ஒளிக்காமச் சொல்லுங்கப்பா. ஆபரேசன் பண்ணி இங்கயே வச்சுக்குறேன்" என்றான். என் அண்ணன் சவேரியும் ஒரு முகாமில் கண்ணைக் காட்டத்தான் போனார். கட்டு அவிழ்த்தபோது உள்ளே சீழ். அப்புறம் ஒன்பது வருஷம் சுவரைத் தடவியே நடந்து செத்தார். அந்தக் கட்டுத்துணியின் வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. இதை எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

பூசைக்குப் போனேன். மதியம் கோழிக்குழம்பு, இரண்டு துண்டு.

மூன்று நாளாக வெயில் இல்லை. தட்டியை அடுப்புக்கு மேலே கட்டிவிட்டேன். தீ கூடாது, தணல்தான். கொஞ்சம் அசந்தால் புகை ஏறி வில்லை கறுத்துப்போகும். தணலோடு உட்கார்ந்து நாளெல்லாம் புரட்டிப் போட்டேன். காய்ந்த வில்லையை ரோணிக்கம் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "கோயில் சன்னல்ல இருக்குற கலர்க் கண்ணாடி மாதிரியே இருக்கு மாமா. ஒவ்வொரு சுளையும் தெரியுது" என்றாள். ஆமாம் என்றேன்.

வில்லையோடு வில்லை ஒட்டாமல் இருக்க நடுவில் ஏதாவது மணி கோக்க வேண்டும். கடையில் வாங்கினால் பிளாஸ்டிக். பரணில் இருக்கும் தேற்றாங்கொட்டையைக் கோக்கலாம் என்றேன். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்க மண்பானையின் உள்வாயில் உரசுவோமே, அதே கொட்டை. சின்னச் சட்டைப் பொத்தான் போல வட்டமாக இருக்கும்.

பரணில் இரண்டு பிஸ்கட் டப்பா இருக்கின்றன. ஒன்றில் தேற்றாங்கொட்டை. இன்னொன்றில் எட்டிக்கொட்டை. எட்டி விஷம். ஒரு கொட்டையை இடித்து வைத்தால் நாய் விறைத்துச் சாகும். மருந்துக்காரர்கள் வாங்குவார்கள். எட்டிக்கொட்டை நாலணாக் காசு அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கடைசியாக வாங்க வந்த ஏவாரி சிறுத்ததையெல்லாம் கழித்துப் போட்டுவிட்டுப் போனான். கழித்தது கிட்டத்தட்ட தேற்றாங்கொட்டை அளவுதான். ஆடு மேய்கிற இடத்தில் கொட்ட முடியாது, எரிக்கத்தான் வேண்டும். நாளைக்கு எரிக்கலாம், நாளைக்கு எரிக்கலாம் என்று பதினோரு வருஷம் ஆயிற்று. கை மாறிவிடக் கூடாது என்று அந்த டப்பாவின் மூடியில் மட்டும் ஆணியால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு கீறி வைத்திருக்கிறேன். விரல் வைத்தாலே தெரியும்.

டிசம்பர் 10, செவ்வாய்

கூழ். மதியம் ரசஞ்சோறு. விரல் நுனி மதமதப்பு சற்று அதிகம்.

கொட்டையை இரவெல்லாம் ஊறப்போட்டு, குடைக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளை போட்டேன். மாட்டுக் கொம்பு மாதிரி இறுகியது, லேசில் இறங்காது. கோணி ஊசியில் சணல் கோத்து, ஒரு வில்லை, ஒரு கொட்டை, ஒரு வில்லை. கோயிலுக்கு இரண்டு மாலை முடிந்தது.

பால்வாடி ஆயா மூக்காயி வந்தாள். மழைக்காலம் வந்தால் வருஷா வருஷம் ஒரு கைப்பிடி தேற்றாங்கொட்டை என்னிடம் வாங்கிப் போவாள்.

"இந்த வருசம் இல்ல மூக்காயி. மாலைக்கே பத்தாது."

"அப்ப பிள்ளைக சேத்துத் தண்ணியக் குடிக்கட்டுமாண்ணே? கொழாயில காப்பித்தண்ணி மாதிரி வருது. சீனிதான் போடல."

"பெரிய பானையில வடிகட்டி வையி."

"வடிகட்டுனா மண்ணு போயிருமா? சரி விடுங்க, பண்டிகை முடியட்டும். மாலையிலருந்து உருவிக்கிறேன். ஏசு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

பால்வாடி விழா இருபதாம் தேதி. அதற்குப் பிறகு எடுத்துக்கொள் என்றேன்.

டிசம்பர் 12, வியாழன்

மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. மனசு சரியில்லை.

பண்டிகைக்கு வெள்ளையடிக்கிறேன் என்று ரோணிக்கம் நேற்று வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டாள். பரணில் இருந்ததெல்லாம் இறக்கி, டப்பா செப்பு எல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து, திரும்ப அடுக்கியிருக்கிறாள். ஒரு சாமானும் வைத்த இடத்தில் இல்லை. கூழ்ச்சொம்பைத் தேடவே எனக்கு அரைநாள் ஆயிற்று.

"கண்ணுக்கு முன்னாடிதான மாமா வச்சிருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீக."

சாயங்காலம் கீறல் இல்லாத டப்பாவைத் தடவி எடுத்து, மிச்சக் கொட்டைக்குத் துளை போட்டு, அவள் வீட்டுக்கு ஒன்றும் பால்வாடிக்கு ஒன்றுமாக இரண்டு மாலை கோத்தேன். பால்வாடி மாலைக்குப் பதினெட்டுக் கொட்டை, பத்தொன்பது வில்லை. இந்த முறை துளை போடுவது முன்னைவிடக் கடினமாக இருந்தது. கம்பி கீழே விழுந்து வேட்டியில் சுட்டது.

டிசம்பர் 13, வெள்ளி

பால்வாடியில் மாலை மாட்டினார்கள். பார்க்கப் போனேன். பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டிருந்தன. எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று மூக்காயியைக் கேட்டேன்.

"நேரா உங்க நெத்திக்கு மேலதான தொங்குது. தெரியலையாண்ணே?"

"வெயிலு கண்ணக் கூசுது."

"மழைக்காலத்துல எங்கிட்டு இருந்துண்ணே வெயிலு?"

அவளுக்கு வாய் அதிகம். பெரிய ஆரஞ்சு, நல்ல ஆரஞ்சு என்று பிள்ளைகள் தொட எம்பின. எட்டாது.

டிசம்பர் 14, சனி

வாய் கசக்கிறது. நேற்று மதியத்திலிருந்து. கூழும் கசந்தது, காப்பியும் கசந்தது. மாத்திரையாகத்தான் இருக்கும். மாத்திரையை மாற்றித் தர முடியுமா என்று பாருங்கள்.

தண்ணீரில் குற்றம் இல்லை. நேற்று முன்தினம்தான் என் பானையில் ஒரு கொட்டை உரசினேன், நன்றாகத் தெளிந்திருக்கிறதாம். ரோணிக்கம் எட்டிப் பார்த்துச் சொன்னாள். அவள் கேன் தண்ணீர் குடிக்கிறவள்.

கெண்டைக்கால் சுருட்டி இழுக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

பூசை நடுவில் மணி அடித்தபோது உடம்பு முழுவதும் தூக்கிப் போட்டது. பக்கத்தில் நின்றவர் பிடித்துக்கொண்டார். தெருவில் ஒரு பையன் ஓலைவெடி போட்டான், அதற்கும் அப்படியே. நான் வெடிச் சத்தத்துக்குப் பயந்தவன் இல்லை. காட்டில் கரடி எதிரே வந்து நின்றிருக்கிறது, கண் இமைக்காமல் நின்றிருக்கிறேன்.

தாடை இறுகினாற்போல் இருக்கிறது. கசப்பு நாக்கின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கசப்பை எங்கேயோ அறிவேன். எங்கே என்று பிடிபடவில்லை. எனக்கு ஒன்று பிடிபடவில்லை என்பதே புதுசு.

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறாள் ரோணிக்கம். வேண்டாம் என்றேன். போனால் கண்ணையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

டிசம்பர் 16, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. சாப்பிடவில்லை. தண்ணீர் அவள் வீட்டில் வாங்கிக் குடித்தேன்.

பால்வாடிக்கு இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று கேட்டேன். பதினேழு என்றாள். எல்லாரும் நன்றாக இருந்தார்களா? இருந்தார்கள். இதெல்லாம் எதற்கு மாமா என்று கேட்கிறாள். எழுது என்றேன். பதினேழு பேர். நன்றாக இருந்தார்கள்.

டிசம்பர் 17, செவ்வாய்

காலையில் ரோணிக்கம் வீட்டு மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். ஒரு வில்லையில் பூஞ்சை என்று சொன்னேன். பிறகு கோயிலுக்குப் போனேன்.

கோயிலுக்குப் போனேன் என்று எழுதினால் போதும் என்றேன். அவள் பேனாவை மூடிவிட்டு, வரும் வழியில் கோயில்பிள்ளை மரியதாசு எல்லாம் சொல்லிவிட்டார் என்கிறாள். சரி, எழுது. குடிலில் இருந்த இரண்டு மாலையையும் பிடித்து, ஒவ்வொரு கொட்டையாக நாக்கால் தொட்டுப் பார்த்தேன். மாதா சொரூபத்துக்கு நேர் எதிரே நின்று. இரண்டு மாலையிலும் நாற்பது கொட்டை. மரியதாசு விளக்குமாற்றோடு வந்து நின்றிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை.

"என்ன பெரியவரே, பசியா? சாமியாரு வீட்டுல இட்லி இருக்கு, வாங்க."

"ருசி பாக்குறேன்."

"ஏசு பொறக்க இன்னும் எட்டு நாளு இருக்கு. அதுக்குள்ள அவரு தோரணத்தத் தின்னுபுடாதீக."

நாற்பதும் கசக்கவில்லை. அந்த இடத்திலேயே முழந்தாளிட்டேன். வேண்டுதல் என்று மரியதாசு நினைத்திருப்பார்.

"மாமா, என்னதான் செய்யிது உங்களுக்கு? எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்கிறாள் ரோணிக்கம்.

ஒன்றும் செய்யவில்லை. பால்வாடி மாலையையும் நாளைக்குக் கொண்டு வா, சரிபார்த்துத் தருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மாலை உயரத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு எட்டாது. அவசரம் இல்லை. சும்மா ஒரு பார்வை.

"அது நல்லாத்தான இருக்கு. பிள்ளைக அத விட்டுக் கண்ண எடுக்க மாட்டேங்குதுக. மூக்காயிதான் பொறுக்காம இன்னைக்கு சாயங்காலமே ரெண்டு கொட்டைய உருவிட்டா. தண்ணி அம்புட்டுக் கலங்கல்."

எழுது தாயி. நிறுத்தாமல் எழுது. நிறுத்தினால் நான் சொல்லமாட்டேன். பால்வாடி மாலையில் கோத்தது தேற்றாங்கொட்டை இல்லை, எட்டி. உன் வீட்டு மாலையும் எட்டி, அது என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. என் பானையில் உரசியதும் எட்டி. நேற்றுக் காலையில் டப்பாவைத் திறந்து ஒன்றை நாக்கில் வைத்தபோதுதான் தெரிந்தது. மூடி மாறிப்போயிருக்கிறது. எனக்குக் கண் தெரியாது ரோணிக்கம். இரண்டு வருஷமாகத் தெரியாது. மூக்காயி எந்தப் பானையில்

டிசம்பர் 18, புதன்

நேற்றுப் பாதியில் நின்றதை இன்று சொல்கிறேன்.

ரோணிக்கம் நோட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை. நான் கம்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பால்வாடி இருப்பது நூறு எட்டுக்குள். எனக்கு அந்த நூறு எட்டும் மலை ஏறுவதுபோல் இருந்தது. வழி தெரியாமல் இல்லை, வழி அடிக்கு அடி நினைவிருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த வீடு என்று ஒவ்வொரு வாசலாகக் கடந்ததுதான் தாங்கவில்லை. முதல் வீட்டில் அடைக்கலராசு பேத்தி. அடுத்தது இரட்டைப் பிள்ளைகள். அதற்கடுத்த வீட்டில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அழுகிறது, அப்படியென்றால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரோணிக்கம் கூப்பிட்ட சத்தத்துக்கு மூக்காயி சாவியோடு வந்துவிட்டாள். சமையலறையில் பானை மூடியிருந்தது.

"பிள்ளைக குடிச்சிருச்சா? அத மட்டும் சொல்லு" என்று ரோணிக்கம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எதக் குடிக்க? பிள்ளைக போனப்பறந்தான டீச்சர் பானைய ரொப்புனேன். சாயங்காலம் ஒரசி வச்சாத்தான காலையில தெளியும். நாளைக்குக் குடிக்கத்தான் வச்சிருக்கேன். என்னா, என்னா நடந்துச்சு?"

நான் பானைக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். அதே கசப்பு. என் அப்பா காட்டில் முதன்முதலாக எட்டிப்பழத்தைக் காட்டி, இதைத் தொட்ட கையை வாயில் வைத்தால் தெரியும் என்றார். அவர் பேச்சைக் கேட்காமல் வைத்தேன். அப்போது எனக்கு வயது ஏழு. அந்தக் கசப்பு இது. திங்கட்கிழமை வரை மூன்று நாள் நாக்கில் வைத்துக்கொண்டே அதைப் பிடிக்க முடியாமல் இருந்திருக்கிறேன்.

மாலையைக் கழற்றித் தரையில் வைத்தோம். ரோணிக்கம் எண்ணினாள். மாலையில் பதினாறு. பானையில் உரசிய கொட்டை சன்னல் திட்டில் இருந்தது. பதினேழு.

"பதினெட்டு" என்றேன்.

"பதினேழுதான் மாமா இருக்கு. நீங்க சரியா எண்ணுனீகளா?"

"கண்ணுதான் போச்சு தாயி. எண்ணிக்கை போகல. பதினெட்டு."

மூன்று பேரும் தரையைத் துழாவினோம். பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்கிற இடம் பூராவும். ஒரு பிள்ளை கையில் எடுத்துப் போயிருந்தால்? பொத்தான் மாதிரி இருக்கும், வழவழப்பாக இருக்கும், எந்தப் பிள்ளையும் வாயில்தான் வைக்கும். ரோணிக்கம் பதினேழு பேர் பெயரையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள், செபம் சொல்வதுபோல. நான் சுவரோரத்தை மறுபடி தடவினேன். 

மூக்காயி சட்டென்று தவழ்வதை நிறுத்திவிட்டு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்தாள். அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினாள். "எங்க வீட்டுப் பானைக்குன்னு ஒண்ணச் சொருகி வச்சிருந்தேன் டீச்சர். மறந்தே போனேன். இந்தா கெடக்கு, பாக்கோட பாக்கா." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வர்ற வழியிலதானண்ணே இதுக்குள்ள கைய விட்டு ஒரு பாக்க எடுத்து வாயில போட்டேன்" என்றாள். "இருட்டுல கைக்குக் கெடச்சத எடுத்தேன்."

 பிறகு மூக்காயி என் பக்கம் திரும்பினாள். "ஒரு கைப்பிடி கொட்டை கேட்டதுக்கு இல்லன்னீக. இப்ப ஊருக்கே குடுக்கப் பாத்தீகளேண்ணே."

அவளுக்கு வாய் அதிகம்தான். 

பானைத் தண்ணீரைக் குழி வெட்டி ஊற்றி மூடினோம். பானையை உடைத்து அதே குழியில் போட்டோம். இரண்டு மாலையின் கொட்டையையும் டப்பாவில் மிச்சம் இருந்ததையும் இன்று காலையில் ஊருக்கு வெளியே எரித்தாயிற்று. ஒன்று தவறாமல் எண்ணிப் போட்டோம். நாளைக்கு என்று சொல்லவில்லை.

எரிந்து முடிகிறவரை ரோணிக்கம் தள்ளியே நின்றாள். திரும்பி வரும்போது கேட்டாள். "திங்கக்கிழம காலையிலயே தெரியும். அன்னைக்கு சாயங்காலம் பதினேழு பேருன்னு எழுதச் சொன்னீக. அப்பயே ஏன் மாமா சொல்லல?"

கண் தெரியவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான் என்றேன்.

"நேத்தும் மூக்காயி பேச்ச நான் எடுக்காம இருந்திருந்தா?"

இன்று காலையில் பிள்ளைகள் குடித்திருக்கும் என்றேன். இந்த வரியை அவள் எழுத மறுத்தாள். எழுதத்தான் வேண்டும் என்று சொல்லி எழுதவைத்தேன்.

பிறகு மூடியைப் பற்றிக் கேட்டேன். கழுவும்போது இரண்டு மூடியையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறாள். கீறியிருந்த மூடியைப் பார்த்து, எந்த டப்பாவுக்குப் போடுவது என்று யோசித்து, நல்ல கொட்டை இருந்த டப்பாவுக்குப் போட்டிருக்கிறாள்.

"கீறுன மூடி எட்டிக்குன்னு நீங்க சொல்லி நானேதான் எழுதுனேன், கழுவுறப்ப அது நெனப்புல இல்ல. சிலுவைன்னு நெனச்சேன் மாமா. குறுக்கயும் நெடுக்கயும் ரெண்டு கோடு. நல்லதுக்குத்தான நாம சிலுவை போடுவோம்."

நான் அதைச் சிலுவை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. தொடாதே என்பதற்கு எழுத்து தெரியாதவன் போட்ட கீறல். மூடி மாறியதை எழுத வேண்டாம், டாக்டரம்மா உன்னைத் தப்பாக நினைப்பார் என்றேன். அதெல்லாம் முடியாது, என் பெயரையும் எழுதுவேன் என்று எழுதுகிறாள். எழுதட்டும். ஆனால் மூடி யார் மாற்றினாலும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் எட்டி எது, தேற்றா எது என்று அறுபது வருஷம் பொறுக்கியவனுக்குத் தெரியாமல் போகாது. நான் பார்க்கவில்லை. மூடியைத் தடவினேன்.

டிசம்பர் 20, வெள்ளி

கூழ். மதியம் பால்வாடியில் பிள்ளைகளோடு சர்க்கரைப் பொங்கல், ஒரு வாய் மட்டும். கசப்பு போய்விட்டது. கால் இழுப்பும் இல்லை.

மாலையைத் திரும்பக் கோத்தோம். கொட்டை இல்லை. வில்லைக்கும் வில்லைக்கும் நடுவே சணலில் முடிச்சு மட்டும். ரோணிக்கம் முடிச்சுப் போட்டாள், நான் வில்லையை எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை பாதி உயரத்தில்தான் மாட்டினார்கள். விழா நடக்கும்போதே இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் ஒரு வில்லையைப் பிய்த்துத் தின்றுவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூக்காயி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "கேன் தண்ணிதாண்ணே. தைரியமாக் குடிங்க" என்றாள்.

டிசம்பர் 23, திங்கள்

டாக்டரம்மா, இன்று உங்களைப் பார்த்துவிட்டு வந்து இதைச் சொல்கிறேன். முதல் நாள் இந்த நோட்டில் கண்ணுக்குக் குறை இல்லை என்று எழுதவைத்தது பொய். நோட்டைப் படித்துவிட்டு நீங்கள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கண் அறைக்கு ரோணிக்கம் கூட வந்தாள். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா. கால் வலது பக்கம், மேலே, கீழே, இடது பக்கம், மறுபடி மேலே என்று கடைசி வரிசை வரைக்கும் உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். வேண்டாம் வேண்டாம் என்றாலும் என் காது அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டது. இப்போதுகூடச் சொல்வேன்.

என்னை உட்காரவைத்து ஒரு கண்ணை மூடினார்கள். அண்ணன் சவேரியின் கட்டுத்துணி வாடை அடித்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கைமேல் ரோணிக்கம் கையை வைத்தாள்.

"மொத எழுத்து. காலு எந்தப் பக்கம் இருக்கு தாத்தா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

வலது பக்கம்.

"தெரியலம்மா" என்றேன்.

"ரெண்டாவது?"

மேலே.

"அதுவும் தெரியல" என்றேன்.